ஆர்கானிக்னு சொல்லிட்டா நஞ்சு இல்லைன்னு ஆயிடுமா?

மஞ்சளை வேகவச்சு களத்துல கொட்டிட்டு, மேலெல்லாம் புகை வாசத்தோட வேப்பமரத்தடியில உட்கார்ந்திருந்தப்பதான் அந்த மெயிலைப் பார்த்தேன். பங்குச் சந்தை ஆப் ஒண்ணுக்கு விளம்பர வேலை பார்க்கிறவங்க அனுப்பியிருந்தாங்க. அந்த ஆப்பைப் பத்தி நான் இங்கே ஒரு பதிவு எழுதணுமாம். மஞ்சள் வித்த காசைப் போட்டு நல்ல லாபம் பார்த்ததா எழுதணும், ஆனா விளம்பரம் மாதிரித் தெரியக் கூடாது, "ஆர்கானிக்கா" இருக்கணும். எழுதறதுக்கு ஒரு தொகை. அதுக்கு மேல, நான் குடுக்கிற லிங்க் வழியா கணக்கு ஆரம்பிக்கிற ஒவ்வொருத்தருக்கும் கமிஷன்.

பத்து வருஷமா சாணியும் கோமியமும் கரைச்சு ஊத்திட்டிருக்கிறவன் நான். ஆர்கானிக்குங்கிற வார்த்தைக்கு இப்படி ஒரு பொழப்பு இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

சென்னையில இந்த வேலையே பார்க்கிற என் தங்கச்சி பையனுக்குப் போன் போட்டேன். "மாமா, கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் காசு கட்டி ஆளைக் கூட்டிட்டு வந்தா அது பெய்டு. காசு கட்டாம, எழுத்தை நம்பி தேடி வந்தா அது ஆர்கானிக்" என்றான்.

எனக்குச் சட்டுனு புரிஞ்சுது. முதலாவது யூரியா. போட்ட ஒரு வாரத்துல பயிர் பச்சை கட்டும், நிறுத்தினா வெளுத்துடும். ரெண்டாவது தொழுவுரம். மெதுவாத்தான் வேலை செய்யும், ஆனா மண்ணுல நிக்கும்.

"அதேதான் மாமா. அதுவும் பண விஷயத்துல ஆர்கானிக்குக்குத்தான் மவுசு. விளம்பரம்னா ஜனங்க உஷாராயிடுவாங்க. தெரிஞ்சவங்க சொன்னா நம்பிடுவாங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் அன்னைக்கு ராத்திரி என்னைத் தூங்க விடலை.

உங்கள்ல பல பேருக்கு ஈமு கோழி ஞாபகம் இருக்கும். 2011-ல எங்க ஈரோட்டுப் பக்கம் அதுதான் பேச்சு. ஒன்றரை லட்சம் கட்டினா குஞ்சு குடுப்பாங்க, தீவனம் குடுப்பாங்க, வளர்க்கிறதுக்கு மாசாமாசம் பணமும் குடுப்பாங்க. டிவியில சினிமா நடிகர்கள் வந்து சொன்னாங்க. என் சித்தப்பா அந்த விளம்பரத்தைப் பார்த்துட்டுச் சிரிச்சார். "காசு குடுத்தா அவங்க எதை வேணாலும் சொல்லுவாங்கடா" என்றார்.

நான் ஒருநாள் கூட்டாளியோட போய் ஒரு பண்ணையைப் பார்த்துட்டு வந்தேன். ஆளுயரப் பறவை, சுத்தமான கொட்டகை, மாசம் தவறாம பணம் வாங்குறதாச் சொன்ன ரெண்டு மூணு பேர். வந்து சித்தப்பாகிட்டச் சொன்னேன். யாரும் எனக்கு ஒரு பைசா குடுக்கலை. நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன்.

நடிகர்கள் சொல்லிக் கேட்காத மனுஷன் நான் சொல்லிக் கேட்டார். ரெண்டு எருமையை வித்து, சீட்டுப் பணத்தையும் சேர்த்துக் கட்டினார். 2012-ல ஈமு கம்பெனிகள் வரிசையாப் படுத்துச்சு. பணமும் நின்னுச்சு, தீவனமும் நின்னுச்சு. பசியில கத்துற பறவைகளுக்கு நாலு மாசம் சொந்தக் காசுல மக்காச்சோளம் வாங்கிப் போட்டார். இன்னைக்கு வரைக்கும் என்னை ஒரு வார்த்தை குத்திக் காட்டினதில்லை. "நீ நல்லதுக்குத்தானே சொன்னே" என்பார். அவர் வீட்டுல டீ குடிக்கும்போது நான் டம்ளரைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன்.

இதுல இருந்து எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். பண விஷயத்துல பெய்டு கெட்டது, ஆர்கானிக் நல்லதுன்னு பிரிக்கிறது தப்பு. விளம்பரம்னு தெரிஞ்சா மனசு தானா கதவைச் சாத்திக்குது. நம்ம ஆளு பேச்சுன்னா திறந்து விட்டுடுது. அதனால அதைத்தான் ரெண்டு மடங்கு சோதிக்கணும்.

காசு குடுத்துச் செய்யுற விளம்பரம் எல்லாம் பொய்யும் இல்லை. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்கன்னு ரிசர்வ் வங்கி செய்யுறதும் காசு குடுத்துச் செய்யுற விளம்பரம்தான். 2017-ல இருந்து வர்ற "மியூச்சுவல் ஃபண்ட் சஹி ஹை"யும் அப்படித்தான். யார் பேசுறாங்க, எதுக்குப் பேசுறாங்கன்னு தெரியுது. கடைசியில அவசர அவசரமாவாவது சந்தை அபாயம்னு ஒரு வரி வாசிச்சுடறாங்க.

எனக்குப் பயம் மூணாவது ரகத்து மேல. காசு வாங்கிட்டு, வாங்காத மாதிரிப் பேசுறது. எங்க ஊர்ல அதுக்கு ரொம்பப் பழைய உதாரணம் உரக்கடை. மஞ்சள்ல இலைப்புள்ளி வந்து ஒரு இலையைக் கிள்ளிட்டுப் போனா, கடைக்காரர் ஆலோசனைக்குக் காசு கேக்க மாட்டார். ஆனா வெளிய வரும்போது கையில மூணு பாட்டில் இருக்கும். யூடியூப்ல "இலவசமா" பங்குச் சந்தை சொல்லிக் குடுத்துட்டு, கீழே டீமேட் கணக்கு லிங்க் போடுறவர்ல பாதிப் பேர் அந்த உரக்கடைக்காரர்தான்.

இதுல என்ன போகுதுன்னு கேட்டா, செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட கணக்கைப் பாருங்க. 2021-22 முதல் 2023-24 வரை மூணு நிதியாண்டுல, எஃப் அண்ட் ஓ வியாபாரம் பண்ணின தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேலே. அதுல நூத்துக்கு 93 பேருக்கு நட்டம். ஆளுக்குச் சராசரியா சுமார் 2 லட்சம் ரூபாய். எங்க ஊர்ல ரெண்டு லட்சம்னா ஒரு பொண்ணோட காலேஜ் படிப்பு.

செபி சும்மா இருக்கலை. பதிவு இல்லாம ஆலோசனை சொல்றவங்களோடயும், இவ்வளவு லாபம் வரும்னு ஆசை காட்டுறவங்களோடயும் தரகு நிறுவனங்கள் காசுத் தொடர்பு வச்சுக்கக் கூடாதுன்னு 2024-லயே விதி போட்டாச்சு. ஆனா களத்து மேட்டுல இருக்கிற என் மெயிலுக்குள்ள எந்த அதிகாரி வந்து பார்ப்பார்?

"யாரும் காசு குடுக்கலைன்னா நேர்மையா எழுதுறவன் எப்படி மாமா சாப்பிடுவான்?"னு மருமகன் கேட்டான். நியாயமான கேள்விதான். அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். செபியில பதிவு பண்ணின ஆலோசகர் கட்டணம்னு கேட்டா நமக்குக் கசக்குது. நாம குடுக்காத கூலியை வேற யாரோ குடுக்கிறாங்க. கூலி குடுத்தவனுக்குத்தானே வேலை நடக்கும்?

ஏற்றுமதிக்கான ஆர்கானிக் சான்று வாங்கணும்னா, பருவப் பயிர் நிலத்தை விதைப்புக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ரசாயனம் இல்லாம வச்சிருக்கணும். வந்து பார்ப்பாங்க, நோட்டைக் கேப்பாங்க. மண்ணுக்கே அவ்வளவு சோதனை. பணத்தைப் பத்திப் பேசுற வாய்க்கு, "இதுக்குக் காசு வாங்கியிருக்கேன்"னு முதல் வரியிலேயே சொல்லணும்கிறது பெரிய பாரமா?

அந்தக் கம்பெனிக்கு அப்படித்தான் பதில் போட்டேன். எழுதுறேன். காசு வாங்கினதை முதல் வரியிலயும், 93 பேர் கணக்கை ரெண்டாவது வரியிலயும் போடுவேன். வராத லாபத்தை வந்ததா எழுத மாட்டேன்னு. இதுவரைக்கும் மறு மெயில் வரலை.

நீங்க எங்கிட்ட அரிசி வாங்க வரும்போது, "என்ன உரம் போட்டீங்க?"னு கூச்சப்படாமக் கேக்கறீங்க. எனக்கு அது பிடிக்கும். அடுத்த தடவை பணத்தைப் பத்தி ஒரு நல்ல மனுஷன் போன்ல பேசும்போதும் அதே கேள்வியைக் கேளுங்க. பேசுறது நானா இருந்தாலும் கேளுங்க.