மலைப்பள்ளிகளின் பழைய கணினிகள்

ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் நெடுங்காலம் இருந்து, 1976ஆம் ஆண்டில்தான் அரசாங்கத்தின் நேரடி நிர்வாகத்துக்கு வந்த கல்வராயன் மலைப் பிரதேசத்தில், சாதிச் சான்றிதழாயினும் கல்வி உதவித்தொகையாயினும் கல்லூரிச் சேர்க்கையாயினும், இன்று மலையாளி பழங்குடிப் பிள்ளை ஒருவன் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகளில் பெரும்பாலானவை கணினியின் வழியாகவே அவனை வந்தடைகின்றன. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது ஆட்சியர் அலுவலகம் அம்மக்களுக்கு அருகில் வந்தது உண்மையே. ஆயினும் வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ உள்ள ஒரு கணினி, இயக்கிய பின் பல நிமிஷங்கள் திணறிக்கொண்டு நிற்குமானால், அருகில் வந்த அலுவலகம் மீண்டும் தூரத்துக்குப் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும்.

விண்டோஸ் 10க்கு அளித்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14உடன் பொதுவாக நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பு கேட்கும் தகுதிகள் பழைய கணினிகளில் பலவற்றுக்கு இல்லை. ஆகவே அவற்றைக் கழித்துவிட்டுப் புதியவை வாங்குவதே வழி என்ற எண்ணம் பரவி வருகிறது. அது அவசர முடிவு என்பதும், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிச் சொற்பச் செலவில் அக்கணினிகளுக்கு இன்னும் பல ஆண்டு ஆயுள் அளிக்கலாம் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

பழைய கணினியின் தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் அதன் ஹார்டு டிஸ்க். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் முதன்முதலாக வெளியிட்ட காலம் முதல் இன்றுவரை அதன் அடிப்படை மாறவில்லை. சுழலும் தட்டின்மேல் ஒரு சிறு முனை அங்குமிங்கும் நகர்ந்து தகவலைத் தேட வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு விநாடி ஆகிறது. கணினி விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்க வேண்டியிருப்பதால், அந்த அற்பத் தாமதங்களே ஒன்றுசேர்ந்து நிமிஷங்களாகின்றன. அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்புச் சாதனத்தில் இந்தத் தேடல் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது.

எனினும் பழைய ஹார்டு டிஸ்க்கை எறிய வேண்டியதில்லை. வருஷத்து நெல் குதிரிலும் அன்றாட அரிசி அடுக்களைப் பானையிலும் இருப்பதுபோல, லினக்ஸும் அதன் செயலிகளும் 120 அல்லது 240 ஜி.பி. கொள்ளும் சிறிய எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும், பாட வீடியோக்களும் புகைப்படங்களும் பழைய பதிவுகளும் ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். மேசைக் கணினியில் இரண்டையும் பொருத்த இடமுண்டு. லேப்டாப்பில் இடமில்லையெனில், கழற்றிய ஹார்டு டிஸ்க்கை யு.எஸ்.பி. பெட்டியில் இட்டு வெளியிலிருந்தே உபயோகிக்கலாம்.

இந்தப் பங்கீட்டில் சிறிது விவேகம் அவசியம். பயனரின் ஹோம் பகுதி முழுவதையும் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றுவோர் உண்டு. பிரௌசரும் பிற செயலிகளும் ஓயாமல் தொடும் சிறு கோப்புகள் அங்கேதான் இருப்பதால், அவ்வாறு செய்தால் பழைய தாமதத்தில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். ஆதலால் ஹோமை எஸ்.எஸ்.டி.யிலேயே விட்டு, பெரிய கோப்புகளுக்குரிய ஃபோல்டர்களை மட்டும் ஹார்டு டிஸ்க்குடன் இணைப்பது உத்தமம். அந்த இணைப்பை எஃப்.எஸ்.டேப் என்னும் கோப்பில் எழுதும்போது, மாறக்கூடிய சாதனப் பெயரை விடுத்து டிஸ்க்கின் யு.யு.ஐ.டி. எண்ணைக் குறிப்பதும், கூடவே ‘நோஃபெயில்’ என்னும் சொல்லைச் சேர்ப்பதும் வேண்டும். அச்சொல் இல்லாவிடில், ஹார்டு டிஸ்க் பழுதாகும் ஒரு நாளில் கணினியே முழுமையாக எழாமல் நின்றுவிடக்கூடும். பழுது பார்ப்பவர் கள்ளக்குறிச்சியிலிருந்து மலையேறி வர வேண்டிய ஒரு பள்ளிக்கு அது எத்தகைய நஷ்டம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு டிஸ்க்குகள் இருப்பதாலேயே தகவலுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டதென்று கருதுவதும் தவறு. ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டையும் ஒரே இடி, ஒரே மின்னழுத்த ஏற்றம் அழித்துவிடலாம், எஸ்.எஸ்.டி.யோ பல சமயங்களில் முன்னறிவிப்பின்றியே செயலிழக்கும். லினக்ஸை ஒரு பென் டிரைவிலிருந்து மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். மாணவர்களின் பதிவுகளை அவ்வாறு மீட்க இயலாது. ஆகவே வாரம் ஒருமுறையேனும் அவற்றை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, கணினியைவிட்டுத் தனியே வைப்பது தலைமையாசிரியரின் நிரந்தரக் கடமைகளுள் ஒன்றாக வேண்டும்.

லினக்ஸ் நமக்குப் புதிய சரக்கன்று. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் மூலம் மாணவர்களின் கைக்கே வந்தது. வந்தும் அது பரவலாக வேரூன்றாமைக்கு, கொடுத்ததோடு நின்று, கற்றுக்கொடுக்கும் சிரத்தையை நாம் காட்டாமையே முக்கிய காரணம் என்று எண்ணுகிறேன். கேரளமோ தன் ஆசிரியர்களுக்கு முறையாகப் பயிற்சி அளித்து, அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியை லினக்ஸிலேயே பல்லாண்டுகளாக நடத்தி வருகிறது. நம் பக்கத்திலேயே விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுவினர், கிராமப்புற மாணவர்களுக்கு இக்கல்வியைக் கைம்மாறு கருதாமல் போதித்து வருகிறார்கள். கற்பிக்க ஆள் இல்லை என்று சொல்ல இடமில்லை.

ஆகவே, மாவட்ட நிர்வாகம் எந்தக் கணினியையும் கழிப்பதற்கு முன் அது எஸ்.எஸ்.டி.யும் லினக்ஸும் ஏற்று இயங்குமா என்று சோதிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். கல்வராயன் மலையின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலிருந்து இப்பணியைத் தொடங்கி, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் வட்டாரங்களின் கல்லூரி மாணவர்களையும் தொழிற்பயிற்சி மாணவர்களையும் அதில் ஈடுபடுத்த வேண்டும். மலைப்பிள்ளைகளும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்து உடன் கற்க வேண்டும். புதிய கணினி ஒன்றின் விலையில் பல பழைய கணினிகளைச் செம்மைப்படுத்தலாம்; அத்துடன், பழுது வந்தால் தாமே தீர்க்கத் தெரிந்த ஒரு தலைமுறையும் அம்மலையில் உருவாகும். இதனை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குமாறு மாவட்ட ஆட்சியரையும் கல்வி அதிகாரிகளையும் பணிவுடன் வேண்டுகிறேன்.