525 மடங்கு ஏமாற்றம்

பிறந்தநாளுக்கு டெலஸ்கோப் வந்த வீட்டில் முதல் இரவு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கழிகிறது. மொட்டை மாடி. குச்சிக் கால்களோடு ஒரு ஸ்டாண்டு. அப்பா அரை மணி நேரமாகத் திருகுகளோடு மல்லுக்கட்டுகிறார். பக்கத்தில் ஏழு வயதுக் குழந்தை கொசுக்கடியில் காத்து நிற்கிறது. கடைசியில் "வா, வந்து பாரு" என்று அழைப்பு வருகிறது. குழந்தை குழாயைப் பிடித்துக்கொண்டு கண்ணை வைக்கிறது. கை பட்ட மாத்திரத்தில் நிலா ஓடிவிடுகிறது. "தெரியுதா?" என்கிறார் அப்பா. "தெரியுதுப்பா" என்கிறது குழந்தை. ஒன்றும் தெரியவில்லை. அப்பா இவ்வளவு பாடுபட்ட பிறகு அதைச் சொல்ல அதற்கு மனம் வரவில்லை. பத்து நாளில் டெலஸ்கோப் பரணுக்குப் போகிறது.

நஷ்டம் சில ஆயிரம் ரூபாய் மட்டுமல்ல. எல்லோருக்கும் தெரிவது தனக்கு மட்டும் தெரியவில்லை என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. குறை தன் கண்ணில் அல்லது புத்தியில் இருப்பதாக முடிவு கட்டிவிடுகிறது. உண்மையில் குறை, வாங்கி வந்த பெட்டியில் இருந்தது.

அந்தப் பெட்டியின் மேல் பளிச்சென்று அச்சிட்டிருக்கும் எண்ணில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது: "525 மடங்கு!" இது எப்படி வருகிறது என்று பார்ப்பது கஷ்டமில்லை. முன்பக்க லென்ஸின் குவியத் தூரத்தைக் கண்ணருகு லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது உருப்பெருக்கம். 700 மி.மீ. குழாயில் 4 மி.மீ. கண் லென்ஸைப் போட்டால் 175 மடங்கு. நடுவே மூன்று மடங்காக்கும் துணை லென்ஸ் ஒன்றைச் செருகினால் 525. கணக்கு சரி. காட்சிதான் வராது.

காரணம் வெளிச்சம். டெலஸ்கோப்பின் முதல் வேலை பெரிதாக்குவது அல்ல, ஒளியைச் சேகரிப்பது. எவ்வளவு ஒளி என்பதைத் தீர்மானிப்பது முன்பக்க லென்ஸின் அல்லது ஆடியின் விட்டம். ஒரு கரண்டி மாவில் தோசையை எவ்வளவு பெரிதாக இழுத்துவிட முடியும்? ஓரளவுக்கு மேல் ஓட்டைதான் விழும். பொதுவான விதி, விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதிகபட்சம் இரண்டு மடங்கு. 60 மி.மீ. டெலஸ்கோப்புக்கு 120 மடங்குதான் எல்லை. பல இரவுகளில் காற்றின் அலைச்சல் அதைக்கூட அனுமதிக்காது. 1610 ஜனவரியில் வியாழனின் நிலாக்களை முதன்முதலாகக் கண்டபோது கலிலியோவிடம் இருந்த கருவி சுமார் 20 மடங்குதான் பெரிதாக்கியது. 525 அவருக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாவது வில்லன் ஸ்டாண்டு. லென்ஸ் சுமாராக இருந்தாலும் எதையாவது காட்டும். ஆடும் கால் எதையுமே காட்டாது. 50 மடங்கு பெரிதாக்கும்போது கருவியின் நடுக்கமும் 50 மடங்கு பெரிதாகும். போதாததற்குப் பூமி வேறு சுழல்கிறது. நிலா தன் அகலத்தின் அளவுக்கு நகர இரண்டு நிமிடம் போதும். ஆகவே கருவியை அடிக்கடி லேசாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தள்ளலுக்கும் குழாய் குலுங்கினால் குழந்தையின் பொறுமை அன்றே தீர்ந்துவிடும்.

இதற்கு எளிய விடை தந்தவர் ஒரு துறவி. ஜான் டாப்சன் 1944இல் சான்பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண இயக்கத்தைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் சேர்ந்தார். கப்பல் ஜன்னல்களின் பழைய கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து டெலஸ்கோப் ஆடி செய்தார். தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய் வழிப்போக்கர்களுக்கு நிலாவைக் காட்டினார். அடிக்கடி மடத்தில் காணாமல் போகிறார் என்று 1967இல் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர் தந்துவிட்டுப் போனது பலகையால் ஆன ஒரு பெட்டி. அதன்மேல் குழாய் பீரங்கிபோல் உட்காரும். மேலும் கீழும், இடமும் வலமும் கையால் தள்ளினால் நகரும். விட்ட இடத்தில் நிற்கும். காப்புரிமை எதுவும் அவர் கேட்கவில்லை. 2014இல் 98 வயதில் மறைந்தார். உலகெங்கும் இன்று "டாப்சோனியன்" என்றே அந்த அமைப்பு விற்கப்படுகிறது.

முதல் டெலஸ்கோப் வாங்குபவர்களுக்கு இதன் மேஜை அளவு வகை நல்ல தேர்வு. 114 அல்லது 130 மி.மீ. ஆடி போதும். ஆடாத ஸ்டூல் ஒன்றின்மேல் வைத்தால் குழந்தையின் உயரத்துக்குச் சரியாக வரும். 650 மி.மீ. குவியத் தூரமுள்ள கருவியில் 25 மி.மீ. கண் லென்ஸ் 26 மடங்கும், 10 மி.மீ. கண் லென்ஸ் 65 மடங்கும் தரும். குழந்தைக்கு இந்த இரண்டும் தாராளம். லென்ஸ் வகைதான் வேண்டுமென்றால் 70 மி.மீட்டருக்குக் குறையாமல், கனமான காலோடு வாங்குவது நல்லது. கடையில் குழாயின் நுனியை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஓரிரு விநாடியில் நடுக்கம் அடங்காவிட்டால் வெறுங்கையோடு திரும்பிவிடலாம்.

அதற்கும் முன்னால் இரண்டு மலிவான யோசனைகள். ஒன்று, பைனாகுலர். 7x50 என்று குறிப்பிட்ட சாதாரண பைனாகுலரே நிலாவின் பெரும் பள்ளங்களையும் கார்த்திகையில் வெறும் கண்ணுக்குத் தெரியாத பல நட்சத்திரங்களையும் காட்டிவிடும். வானம் அலுத்துவிட்டால் பறவை பார்க்க உதவும். இன்னொன்று, அடுத்தவர் டெலஸ்கோப். டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, சென்னை என்று பெருநகரங்களில் கோளரங்குகள் உண்டு. புனேயின் ஜோதிர்வித்யா பரிசம்ஸ்தா 1944 முதல் இயங்குகிறது. அமெச்சூர் வானியல் குழுக்கள் மற்ற நகரங்களிலும் இருக்கின்றன. வரிசையில் நின்று ஒரு தடவை பார்த்த குழந்தைக்கு எதை எதிர்பார்க்கலாம் என்பது தெரிந்துவிடும்.

எதிர்பார்ப்பு முக்கியம். புத்தகத்தில் இருக்கும் வண்ணப் படங்கள் கருவியில் தெரியாது. ஓரியன் நெபுலா சாம்பல் நிறப் புகையாகத்தான் இருக்கும். சனி ஒரு மிளகளவுகூட இருக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் பாதியாகக் குறையும். ஆனால் அந்தச் சின்னப் புள்ளியைச் சுற்றி நிஜமாகவே ஒரு வளையம் இருப்பதைக் கண்ட குழந்தை படத்தைத் தேடாது. 2025 மார்ச்சில் அந்த வளையம் பூமியை நோக்கி விளிம்பைக் காட்டியதால் கோடுபோல் ஒடுங்கிப் போனது. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு விரியத் தொடங்கியிருக்கிறது. இப்போது பள்ளிக்குப் போகும் குழந்தை அது முழுதாகத் திறப்பதையும் பார்த்துவிடலாம்.

ஆரம்பிக்க நல்ல நாள் எது? பௌர்ணமி அல்ல. அன்று நிலாவில் நிழல் இல்லை. வெறும் வெள்ளைத் தட்டு. வளர்பிறைச் சதுர்த்தியிலிருந்து தசமி வரை இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களும் மலைகளும் நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கும் அஷ்டமிதான் டெலஸ்கோப்புக்கு முகூர்த்த நாள். பிறகு வியாழனும் அதன் நான்கு நிலாக்களும். மறுநாள் பார்த்தால் நான்கும் இடம் மாறியிருக்கும். அதைக் குழந்தையே கண்டுபிடிக்க விட வேண்டும். கோடையின் முன்னிரவில் சப்தரிஷி மண்டலம். கல்யாணத்தில் காட்டும் அருந்ததியும் வசிஷ்டரும் கண்ணுக்கு ஒரு ஜோடி. டெலஸ்கோப்பில் வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார். இதற்கெல்லாம் லடாக்கின் ஹான்லே இருட்டு தேவையில்லை. நிலா, கோள்கள், இரட்டை நட்சத்திரங்கள் எல்லாம் நகரத்து மாடியிலிருந்தே தெரியும்.

கருவியைப் பகலிலேயே தூரத்துக் கோபுரம் ஒன்றை வைத்துப் பழகிவிட வேண்டியது பெரியவர் பொறுப்பு. ஆடி டெலஸ்கோப்பில் அது தலைகீழாகத் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. இரவில் குறைந்த மடங்கில் நிலாவைப் பிடித்த பிறகே குழந்தையைக் கூப்பிட வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாது; உள்ளங்கையால் மறைத்துக்கொள்ளச் சொல்லலாம். மற்றொரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டால் குழாய் தப்பிக்கும். கால் மணி நேரம் போதும்.

பகலில் ஒரே ஒரு விதி. அதற்கு விலக்கே கிடையாது. சூரியனை நோக்கி டெலஸ்கோப்பையோ பைனாகுலரையோ ஒரு கணம்கூடத் திருப்பக் கூடாது. பார்வை நிரந்தரமாகப் போய்விடும். கண்ணருகு லென்ஸில் திருகும் "சூரிய ஃபில்டர்" பெட்டியோடு வந்திருந்தால் அன்றே குப்பையில் போட வேண்டும். வெப்பத்தில் அது வெடித்துவிடும். 2027 ஆகஸ்ட் 2 அன்று இந்தியாவில் பகுதி சூரிய கிரகணம் தெரியப்போகிறது. அப்போது பல வீடுகளில் பரணிலிருந்து டெலஸ்கோப் இறங்கும் என்பதால் இதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைக்கலாம். தூசியைச் சட்டை நுனியால் துடைப்பதைவிட அப்படியே விட்டுவிடுவது மேல்.

எல்லாவற்றையும்விட மாற வேண்டியது கேள்விதான். "தெரியுதா?" என்று கேட்டால் எந்தக் குழந்தையும் "தெரியுது" என்றுதான் சொல்லும். ஒரு பென்சிலையும் காகிதத்தையும் கொடுத்து, "என்ன இருக்கு, வரைஞ்சு காட்டு" என்று சொல்லிப் பார்க்கலாம். காகிதம் வெறுமையாக இருந்தால் மறுபடியும் திருக வேண்டியது அப்பாவின் வேலை. வட்டத்தின் ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு பள்ளம் விழுந்திருந்தால், டெலஸ்கோப் இனி பரணுக்குப் போகாது.