மாலை எடுத்துக் கொடுத்தோம், நீதிமன்றத்துக்குப் போனோமா?

சாதி மறுப்புத் திருமணம் என்றால் நாம் ஓடிப்போய் நிற்கிறோம். மாலை எடுத்துக் கொடுக்கிறோம், காவல் நிலைய வாசலில் விடிய விடியக் காத்துக் கிடக்கிறோம், முகநூலில் படம் போடுகிறோம். நல்லது. ஆறு வருடம் கழித்து அதே பெண் கையில் பிள்ளையோடு குடும்ப நீதிமன்ற வராந்தாவில் தனியாக நிற்கும்போது நம்மில் எத்தனை பேர் அங்கே இருக்கிறோம்?

அப்படி ஒரு வழக்குக்கு அண்மையில் கூடப் போனோம். பெண் காலனி, அவன் ஊர்த்தெரு. அவன் வீட்டார் முதலில் கல்யாணமே நடக்கவில்லை என்றார்கள். பிறகு, பிள்ளை அவனுடையதுதானா, டிஎன்ஏ எடுங்கள் என்றார்கள். இரண்டும் எடுபடவில்லை. இப்போது, ‘எங்கள் வாரிசை எங்களிடம் கொடுங்கள்’ என்கிறார்கள். எட்டே மாதத்தில் யார் பிள்ளையோ வாரிசாகிவிட்டது!

திருமண உறவில் பிறந்த பிள்ளை கணவனின் பிள்ளை என்றே சட்டம் கொள்ளும். பழைய சாட்சியச் சட்டத்தில் 112ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 116. கருவான காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று மறுப்பவன்தான் நிரூபிக்க வேண்டும். கேட்டவுடன் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று 1993இல் கௌதம் குண்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இதற்கெல்லாம் முதலில் திருமணத்தைக் காட்ட வேண்டும். சுயமரியாதைத் திருமணம் 1967 திருத்தத்தின்படி செல்லும். பதிவு செய்யாததாலேயே செல்லாமல் போகாது. ஆனாலும் 2009 சட்டம் சொல்லும் 90 நாளுக்குள் பதிவு செய்திருந்தால் இந்தப் பெண் சாட்சி தேடி வீடு வீடாக அலைந்திருக்க மாட்டாள். மாலை எடுத்துக் கொடுத்த நாம் அன்றே பதிவு அலுவலகத்துக்கும் கூட்டிப் போயிருக்க வேண்டும். இது நம் தவறு.

‘குழந்தையின் நலனே முதன்மை.’ நல்ல வாசகம்தான். 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் பிள்ளையின் வயது, பால், மதம், கேட்பவரின் குணம், தகுதி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. சாதி என்ற சொல் அங்கே இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: “அந்த இடத்தில் பிள்ளை எப்படிங்க வளரும்?” எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. அந்தப் பக்கம் மாடி வீடு, கார், ஆங்கிலப் பள்ளி. இந்தப் பக்கம் ஓர் அறை, நூறுநாள் வேலை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மாச்சி. அந்த மாடி வீடு யார் உழைப்பில் எழுந்தது என்று கேட்க அந்த நீதிமன்றத்தில் மனுப் படிவம் கிடையாது.

ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது 1956 சட்டம். பையனுக்கு இப்போது நாலரை. வாய்தா மேல் வாய்தா எதற்கு வாங்குகிறார்கள் என்று இனி விளக்க வேண்டியதில்லை.

தகப்பன் பிள்ளையைப் பார்க்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பார்க்கட்டும். ஆனால் ஊர்த்தெருவுக்கு இரண்டு முறை போய் வந்த பையன், அம்மாச்சி போட்ட சோற்றைத் தள்ளிவிட்டு, “இங்க சாப்பிடக் கூடாதுன்னு அப்பத்தா சொன்னாங்க” என்றான். சந்திப்பு நீதிமன்ற வளாகத்திலேயே நடக்கட்டும் என்று மனுப் போட்டிருக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளை தந்தையின் சாதி என்பதே பொது அனுமானம், தாயின் மக்களிடையே வளர்ந்து அவர்களின் இழிவைத் தானும் பட்டிருந்தால் அதை முறியடிக்கலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் பிள்ளை யார் வீட்டில் வளர்கிறது என்பது வெறும் குடும்பத் தகராறா?

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைப்பது உரிமை அல்ல, அனுமதி. ஆனால் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது 1987 சட்டத்தின் 12ஆம் பிரிவு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் கேட்டால் போதும். இதைச் சொல்லக்கூட அவளுக்கு ஆள் இல்லை.

அடுத்த வாய்தா வியாழக்கிழமை. வகுப்பு இல்லாத தோழர்கள் காலை பத்து மணிக்கு வந்துவிடுங்கள். கூப்பிடுவதற்கு மதியம் ஆகும், பையனுக்குச் சாப்பிட ஏதாவது வாங்கி வாருங்கள்.