விதி மௌனமாயின் ஆண்டு மறையும்

எழுதிய விதி ஒன்று சொல்ல, கணிப்பொறி வேறொன்று செய்யுமாயின், எதனைச் சரியெனக் கொள்வது? ஆவணங்களை வகுத்தமைக்கும் குறிமொழிகளைக் கையாள்வோர் அனைவரும் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா இது.

மார்க்டவுன் என்னும் எளிய குறிமொழியை ஜான் குரூபர் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டார். விதிகளை விளக்கும் குறிப்பொன்றையும், எழுதியதை எச்.டி.எம்.எல். வடிவில் மாற்றும் பெர்ல் நிரலொன்றையும் உடன் அளித்தார். குறிப்பு கற்போருக்குப் போதுமானதாக இருந்தது. புதிய நிரல் எழுதுவோருக்குப் போதவில்லை. விதி மௌனமாயிருந்த இடங்களில் அவரவர் தத்தம் கருத்தின்படி நிரல் அமைத்தனர்.

ஓர் உதாரணம் காண்போம். ‘இக்கிணறு கடைசியாக நிரம்பிய ஆண்டு’ என்பதோடு ஒரு வரி முடிகிறது. அடுத்த வரி, ‘1986. பின்னர் வற்றிவிட்டது’ எனத் தொடங்குகிறது. எண்ணும் புள்ளியும் இடைவெளியும் வரிமுதலில் வருவது பட்டியலின் அடையாளம். பத்தியின் நடுவே, வெற்று வரி இன்றியே, பட்டியல் தொடங்கலாமா? மூலக் குறிப்பு இதனை வரையறுக்கவில்லை. தொடங்கலாமெனக் கொண்டு, தொடக்க எண்ணையும் பொருட்படுத்தாத நிரலாயின், 1986 மறைந்து 1 என அச்சாகும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. களக் குறிப்பு மட்டும் பொய்யாகிவிடும்.

முதல் நிரலின் நடத்தையே விதியாகட்டும் என்பர் சிலர். இதனை ஏற்பதற்கில்லை. நிரலில் கருத்தோடு பிழையும் கலந்திருக்கும். இரண்டையும் பிரித்தறிய எழுத்து விதியே வேண்டும். 2014-இல் வெளிவந்த காமன்மார்க் விதிநூல் காட்டிய வழியே சிறந்தது. அதில் 600-க்கு மேற்பட்ட உதாரணங்கள் உள்ளன. இன்னது எழுதினால் இன்னது விளையவேண்டும் என ஒவ்வொன்றும் கூறுவதால், எந்த நிரலையும் அவற்றைக் கொண்டு சோதிக்கலாம். 1 என்ற எண்ணில் தொடங்கும் எண்பட்டியலே பத்தியை இடைமறிக்கலாம் என்பது அதன் இன்றைய விதி. ஆகவே நம் கிணற்றின் ஆண்டு பிழைக்கிறது.

எல்லா நிரல்களும் இவ்விதிநூலைப் பின்பற்றுவதில்லை. ஆதலால் கள ஊழியர்கள் வரிமுதலில் ஆண்டு வருவதைத் தவிர்த்தல் நலம். தவிர்க்க இயலாவிடின், புள்ளிக்கு முன் பின்சாய்கோடு இடலாம். அறிக்கையை அனுப்புமுன் மாற்றிய வடிவத்தையும் ஒருமுறை படித்தல் வேண்டும். ஆசிரியர்கள் விதியைக் கற்பிக்கும்போது, அது தடுமாறும் எல்லையையும் உதாரணத்தோடு காட்டுவார்களாக. சோதித்தறிய இயலாத விதி, விதியாகாது.