உழைப்போர் ஒருபுறம், உடைமையாளர் மறுபுறம்

லினக்ஸ் இயங்குதளத்தைப் பெருநிறுவனங்களே வழிநடத்துகின்றன, தன்னார்வலர்கள் வெறும் பின்தொடர்வோரே என்பது முதலாளித்துவ வாதம். உண்மை நேர்மாறானது. 1993இல் தொடங்கப்பட்ட டெபியனைத் தன்னார்வலர்களே கட்டியெழுப்பினர். தங்கள் தலைவரையும் ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். 2004இல் கனானிக்கல் நிறுவனம் வெளியிட்ட உபுண்டு அந்த அடித்தளத்தின்மீதே எழுந்தது. இந்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் அவ்வாறே.

சென்ட்ஓஎஸ் தரும் பாடமோ கசப்பானது. ரெட்ஹேட்டின் மூலநிரலிலிருந்து தன்னார்வலர்கள் உருவாக்கி இலவசமாக வழங்கிய அதனை, 2014இல் ரெட்ஹேட்டே தன்வசமாக்கியது. 2019இல் ரெட்ஹேட்டை ஐபிஎம் 3400 கோடி டாலருக்கு விழுங்கியது. 2029 வரை பராமரிக்கப்படும் என்று கூறப்பட்ட எட்டாம் பதிப்பு 2021 இறுதியிலேயே நிறுத்தப்பட்டது.

டெபியன் நிலைத்ததும் சென்ட்ஓஎஸ் பறிபோனதும் உணர்த்துவது ஒன்றே: பொது உழைப்பின் விளைவைக் காக்க வல்லது உழைப்போரின் ஜனநாயகக் கட்டுப்பாடே.