கரவுள்ளம் கலை படைக்குமா?

'கலைக்கும் அறத்துக்கும் என்ன தொடர்பு? கைத்திறன் வாய்த்தவன் கள்வனே ஆயினும் அவன் படைப்பு அழகியதே' என்று பேசித் திரிவார் சிலர் நம்மிடையே உளர். அரங்கிலும் அச்சிலும் இக்கூற்று அறிவுடைமை போல் உலவுகின்றது. இஃது அறிவுடைமை அன்று. உள்ளத்து அழுக்கை மறைக்கும் போர்வையே என்பதை உண்மை நிகழ்ச்சி ஒன்று கொண்டு ஈண்டு நிறுவுவோம்.

குடந்தைக்கு அருகிலுள்ள சிவபுரத்தில், 1951-ஆம் ஆண்டு, மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று சோழர் காலத்து ஆடவல்லான். 1954-இல் அது பழுது பார்க்கவெனச் சிற்பி ஒருவரிடம் ஒப்படைக்கப் பெற்றது. ஊருக்குத் திரும்பி வந்ததோ அத் திருமேனி அன்று; அதனைப் பார்த்து வார்த்த போலி! ஊரார் அதனையே வணங்கி வந்தனர். கோயிலில் இருப்பது போலி என்பதைப் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தக்ளசு பாரெட்டு, 1965-இல் வெளிவந்த தம் நூலில் சுட்டினார். உண்மைத் திருமேனியோ கை மாறிக் கடல் கடந்து, 1973-இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளைக்கு ஒன்பது நூறாயிரம் தாலருக்கு விற்கப் பெற்றது. வழக்குத் தொடுத்து, உடன்பாடு கண்டு, 1986-இல்தான் அது மீண்டது.

'வேற்றுமை அறியாமல் மக்கள் வணங்கினரே! அழகு வடிவில் உள்ளதேயன்றி, வடித்தவன் நெஞ்சில் இல்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?' என்று நம்மை மடக்க வருவர். வரட்டும்! போலியில் மக்கள் கண்ட அழகு யாருடையது? தூக்கிய திருவடியின் வளைவும், வீசிய கையின் ஒயிலும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒருவன் தன் உள்ளத்தில் கண்டெடுத்தவை. போலி செய்தவனுடையதென அதில் ஒரு கோடும் இல்லை, இருக்கவும் இயலாது. தனதென ஒரு கோடு கூட்டினால் அப்பொழுதே அகப்பட்டுக் கொள்வானன்றோ? ஆகவே, கரவு படைப்புக்குத் துணை நில்லாமை மட்டுமன்று. படைக்கவே விடாமல் கையைக் கட்டிப் போடுகின்றது என்க.

'அவ்வாறாயின் மரபைப் பின்பற்றுவோர் அனைவரும் போலிகளோ?' எனின், அல்லர். சுவாமிமலைச் சிற்பிகளைப் பாருங்கள். தேன்மெழுகில் குங்கிலியம் சேர்த்து உருச் செய்கின்றனர். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காய வைக்கின்றனர். சூடேற்றி மெழுகை வடித்து, அவ்வெற்றிடத்தில் உருக்கிய மாழையை வார்க்கின்றனர். பின்னர் மண் கருவை உடைக்கின்றனர். ஒரு கருவுக்கு ஒரு திருமேனிதான். அளவுகள் முன்னோர் வகுத்தவை; ஆயினும், இதழின் முறுவலும் விரலின் நெளிவும் வடிப்பவனுடையவை. 'இஃது இன்று நான் செய்தது' என்று அவன் நிமிர்ந்து கூறுகின்றான். போலி செய்பவன் கையாள்வதும் அதே மெழுகு, அதே வண்டல், அதே நெருப்பு. எண்ணம் ஒன்றே வேறு. அவ்வெண்ணம், புதியதைப் பழையதாகக் காட்டவும் தன் கைவண்ணத்தைத் தானே மறைக்கவும் அவனை ஏவுகின்றது. தன்னை மறைக்கப் பாடுபடுபவன் கலைஞன் ஆவானோ?

நல்லெண்ணம் மட்டும் இருந்தால் போதும் என்று நாம் கூறவில்லை. திறனற்ற நேர்மை கல்லைக் கெடுக்கும். நேர்மையற்ற திறனோ காண்பார் நெஞ்சையே கெடுக்கும். ஒரு போலி வெளிப்பட்ட பின், உண்மைத் திருமேனியையும் ஐயத்தோடு நோக்கும் நிலை வந்து விடுகின்றது. நேர்மையாளர் பலர் தேடி வைத்த நம்பிக்கையைப் போலி ஒருவன் தின்று தீர்க்கின்றான்.

இது செம்பில் மட்டும் நிகழ்வதன்று. உணராத துயரைப் பாடும் பாவலனும், பரிசுக்கெனக் கொள்கையை மாற்றும் எழுத்தாளனும், பிறன் உழைப்பில் தன் பெயர் பொறிக்கும் ஓவியனும் அதே பட்டறையில் வார்ப்பவர்களே.

இளைஞர்களே! உளியோ எழுதுகோலோ எடுக்குமுன், 'இதனை நான் ஏன் செய்கின்றேன்?' என்று உங்களையே வினவுங்கள். அவ்வினாவுக்கு நாணாமல் விடை கூற இயன்றால் தொடங்குங்கள். இயலாவிடில் கருவியைக் கீழே வையுங்கள். கையின் பிழையைப் பயிற்சி திருத்தும்; நெஞ்சின் பொய்யை எந்தப் பயிற்சியும் திருத்தாது!