மாண்ட்ரியல் மடல் 17: பதினோரு பை காகிதம்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டாததுக்கு முதல்ல மன்னிச்சுக்குங்க மக்களே. தீசிஸ் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஜூலை 1.

கனடாவுல மத்த ஊர்களுக்கு ஜூலை 1ன்னா கனடா தினம். மாண்ட்ரியல்ல அது வீடு மாத்துற நாள். இங்கே பெரும்பாலான வாடகை ஒப்பந்தம் ஜூன் 30ல முடியுது. முன்னாடி மே 1ஆ இருந்ததாம். பசங்க படிப்பு நடுவுல கெடுதுன்னு 1970கள்ல ஜூலைக்குத் தள்ளி வச்சிருக்காங்க. அன்னிக்குத் தெருவுல இறங்கினா ஊரே மெத்தையும் கையுமா அலையும். பிளாட்பாரத்துல நல்ல சோபா கிடக்குதேன்னு தூக்கிட்டு வந்துடாதீங்க, கூடவே மூட்டைப்பூச்சியும் வரும். (அனுபவம். அதுக்குத் தனிப்பதிவு போடணும்.)

நான் குடியிருந்தது பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் ஒரு 'அஞ்சரை'யில ஒரு ரூம். இங்கே வீட்டைப் படுக்கையறையை வச்சு எண்ண மாட்டாங்க. சமையலறை, ஹால் எல்லாத்தையும் சேர்த்து எண்ணி, பாத்ரூமுக்கு அரைன்னு போடுவாங்க. வீட்டுக்கார அன்ரி யாழ்ப்பாணத்துக்காரங்க, வயசு எழுபத்தெட்டு. அங்கிள் 2019ல போயிட்டார். மகள் டொராண்டோவுல. படி ஏற முடியலைன்னு அன்ரி பக்கத்துத் தெருவுலயே கீழ்த்தளத்துல ஒரு 'மூணரை'க்குப் போறாங்க. அஞ்சரையில இருக்கிற சாமானை மூணரைக்குள்ள அடைக்கணும். "தம்பி, நீர் கெட்டிக்காரன், கொஞ்சம் பிடிச்சு ஒதுக்கித் தாருமன்" என்றார்கள். கெட்டிக்காரன்னு சொன்னா நமக்குத்தான் தலைகால் புரியாதே. சரின்னுட்டேன்.

பாத்திரம், துணி எல்லாம் ரெண்டு நாள்ல முடிஞ்சுது. உடைஞ்ச டிவி, பழைய மைக்ரோவேவ் எல்லாத்தையும் ஒரு நண்பன் வேன்ல ஏத்தி எக்கோசாந்தருக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். மாநகராட்சி நடத்துற இடம், வீட்டுச் சாமானுக்குக் காசு கிடையாது. காலாவதியான மருந்தைக் குப்பையிலயோ டாய்லெட்லயோ போடக்கூடாது, வாங்கின பார்மசியிலயே திருப்பிக் கொடுத்துடலாம். அதையும் செஞ்சாச்சு.

அப்புறம்தான் அன்ரி ரூம்ல கட்டிலுக்கு அடியிலிருந்து பைகள் வர ஆரம்பிச்சுது. ஒண்ணு, ரெண்டு, மூணு... மொத்தம் பதினோரு பிளாஸ்டிக் பை. பையே பழைய சாமான்தான். மாண்ட்ரியல் நகரம் 2022லயே கடையில பிளாஸ்டிக் பை கொடுக்கறதைத் தடை பண்ணிடுச்சு. உள்ளே பூராவும் காகிதம். ரத்தப் பரிசோதனை முடிவு, கிளினிக் அப்பாயின்ட்மென்ட் சீட்டு, பார்மசி ரசீது, மருந்துப் பையில ஸ்டேப்ளர் அடிச்ச விளக்கத்தாள், அங்கிளோட சிறுநீரக வைத்தியம் சம்பந்தப்பட்ட கடுதாசிகள், நடுநடுவே கரண்ட் பில், சூப்பர்மார்க்கெட் நோட்டீஸ். பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ், சிங்களம்னு நாலு மொழியில.

நான் என்ன பண்ணினேன்? 2003 வருஷக் கரண்ட் பில் ஒரு கட்டு, பழுப்புக் கவர்ல இருந்துச்சு. இருபது வருஷத்துக்கு மேல ஆன பில்லை எவன் கேட்கப்போறான்? கவரோட தூக்கி மறுசுழற்சிப் பெட்டியில போட்டேன். சாயங்காலம் பெட்டியைத் தெருவுல கொண்டுபோயும் வச்சாச்சு. காலையில லாரி வரும்.

ராத்திரி பத்து மணிக்குக் கதவு தட்டுற சத்தம். அன்ரி நிக்கிறாங்க, முகமே சரியில்லை.

"தம்பி, ஒரு மண்ணிறக் கவர். கட்டிலுக்குக் கீழ கிடந்தது. எங்க வைச்சனீர்?"

"கரண்ட் பில் கவரா அன்ரி? அதைத் தூக்கிப் போட்டுட்டேனே..."

"ஐயோ, எங்க எறிஞ்சனீர்?"

அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. செல்போன் வெளிச்சத்துல தெருவுல பெட்டியைக் கவிழ்த்து, பீட்சா அட்டைக்கு நடுவுல கிளறி, பதினஞ்சு நிமிஷத்துல கவர் கிடைச்சுது. அன்ரி படியில உக்காந்து, பில்லையெல்லாம் ஒதுக்கிட்டு, நாலா மடிச்ச ஒரு சின்னத் தாளை எடுத்தாங்க. மடிப்புல கிழிஞ்சு டேப் ஒட்டியிருந்துச்சு. 1990ல மானிப்பாய் ஆஸ்பத்திரியில அங்கிளுக்குக் காலுக்கு வைத்தியம் பார்த்த துண்டு. ஷெல் காயம். ஆங்கிலத்துல நாலு வரி, ஒரு கையெழுத்து.

"இதாலதான் தம்பி நாங்கள் இஞ்ச நிக்கிறம்" என்றார்கள்.

1991ல வந்திருக்காங்க. 92ல கேஸ் விசாரணை. கனடாவுல அகதின்னு கேட்டு வர்றவங்க கதையை நேர்ல கேட்டுத்தான் முடிவு பண்ணணும்னு உச்ச நீதிமன்றம் 1985ல தீர்ப்பு சொல்லிச்சு. அதுக்கப்புறம் 1989ல குடிவரவு, அகதிகள் வாரியம் வந்துச்சு. அதுல ஒரு அறையிலதான் அங்கிளும் அன்ரியும் உக்காந்திருந்திருக்காங்க. ஷெல் விழுந்ததுன்னு வாயால சொன்னதுக்கு, கையில இருந்த ஒரே காகிதம் இந்தத் துண்டுதான். வீட்டு உறுதி, படிச்ச சர்டிபிகேட் எதுவும் கொண்டு வரலை. ஊர்ல விட்டுட்டு வந்ததும் 1995 அக்டோபர்ல வலிகாமத்துச் சனம் மொத்தமும் ஒரே ராத்திரியில இடம்பெயர்ந்தப்ப போச்சு.

"அண்டைக்குத் தொடக்கம் ஒரு மருந்துத் துண்டும் நான் எறியிறதில்லை. எது எப்ப கேப்பாங்களெண்டு ஆருக்குத் தெரியும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. பழைய குப்பையைச் சேர்த்து வச்சிருக்காங்களேன்னு மூணு நாளா மனசுக்குள்ள சிரிச்சுட்டு இருந்தவன் நான்.

மானிப்பாய்ங்கிற பேரை எங்கேயோ படிச்ச ஞாபகம். ரூமுக்கு வந்து தேடினா, சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். அமெரிக்க மிஷன் டாக்டர், 1847ல யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாய்ல வைத்தியம் பார்த்துக்கிட்டே உள்ளூர்ப் பசங்களுக்கு மருத்துவம் சொல்லிக் கொடுத்திருக்கார். 1860கள்ல பாடத்தையே தமிழ்ல நடத்தி, மருத்துவப் புத்தகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அந்த ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கும் அவர் பேர்தான். அங்கே எழுதின நாலு வரிதான் இங்கே ஒரு குடும்பத்துக்குக் குடியுரிமை வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கு.

தூக்கம் வரலை. என் சூட்கேஸ் அடியில ஒரு ஃபைல் இருக்கு. அப்பா 2016ல மாரடைப்புல போனார். நான் ஃப்ளைட் ஏறுறப்ப அம்மா அவரோட கடைசி ஈசிஜியை வச்சு அனுப்பினாங்க. "பரம்பரையா வரும்பாங்க, டாக்டர் கேட்டா காட்டுப்பா". நம்ம ஊர்ல நோயாளி ஃபைல் நோயாளிகிட்டதானே இருக்கும். பீரோ மேல எக்ஸ்ரே கவர் இல்லாத வீடு உண்டா? இங்கே கிளினிக்ல யாரும் கேட்கலை, நானும் பிரிச்சுப் பார்க்கலை. அன்னிக்கு ராத்திரிதான் பிரிச்சேன்.

வெள்ளைத் தாள். ஓரத்துல பேனாவுல எழுதின பேரும் தேதியும் மட்டும் இருக்கு. கோடு ஒண்ணுகூட இல்லை.

பெரும்பாலான ஈசிஜி தாள் வெப்பத்தாள், கடை பில் மாதிரிதான். மை கிடையாது, சூட்டுல கறுக்கிற பூச்சு. வருஷம் போகப் போக, அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள்ள வச்சா இன்னும் சீக்கிரம், மங்கிடும். பத்திரமா இருக்கட்டும்னு அம்மா பிளாஸ்டிக் கவர்லதான் போட்டிருந்தாங்க. எஞ்சினியரிங் படிச்சவன், இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒரு போட்டோ எடுத்து வைக்கத் தோணலை.

மறுநாள் அன்ரிகிட்ட இதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "அப்ப சும்மா வைச்சிருந்தாலும் போயிடுமோ?" என்றார்கள். அப்புறம் அவங்களே, "சரி, வாரும். இருந்து பாப்பம்".

இந்தத் தடவை நான் எதையும் தூக்கிப் போடலை. ஒவ்வொரு தாளா எடுத்து, இது என்னன்னு சொல்லுவேன். வைக்கிறதா வேண்டாமான்னு அவங்க சொல்லுவாங்க. நாலு நாள் ஆச்சு. உங்க வீட்லயும் உதவும், அதனால எழுதி வைக்கிறேன்.

கண்டிப்பா வைக்க வேண்டியவை: ஆபரேஷன் நடந்த விவரம், பயாப்சி முடிவு, தடுப்பூசிப் பதிவு, எந்த மருந்து ஒத்துக்காதுன்னு எழுதினது, உடம்புக்குள்ள எதையாவது வச்சிருந்தா அதோட கார்டு. அன்ரிக்கு 2014ல இதயத்துல ஸ்டென்ட் வச்சாங்க. அந்தக் கார்டைக் காணோம்னு பல வருஷமா தேடியிருக்காங்க. எம்ஆர்ஐ எடுக்கப் போனா அதைத்தான் கேட்பாங்க. ஏழாவது பையில, ஒரு கோழி விலை நோட்டீசுக்குள்ள இருந்துச்சு. முதல் நாள் வேகத்துல போயிருந்தா அதுவும் லாரியில போயிருக்கும்.

கொஞ்ச வருஷம் வைக்க வேண்டியவை: வருமான வரியில மருத்துவச் செலவு காட்டின ரசீதுகள். கனடாவுல அந்த வரி ஆண்டு முடிஞ்சு ஆறு வருஷம் வைக்கணும். அதுக்கு மேல வேண்டாம்.

போகலாம்: பழைய அப்பாயின்ட்மென்ட் சீட்டு, மருந்து விளக்கத்தாள், நிறுத்தின மருந்தோட சீட்டு. இப்போ சாப்பிடுற மருந்துப் பட்டியலைப் பார்மசியில கேட்டா ஒரே தாள்ல அடிச்சுக் கொடுத்துடறாங்க.

போடுறதையும் அப்படியே போடாதீங்க. கெபெக் ஹெல்த் கார்டு நம்பர்ல பேரோட எழுத்துகள், பிறந்த வருஷம், மாசம், தேதி எல்லாம் அடங்கியிருக்கு. பெண்களுக்கு மாசத்தோட 50 கூட்டியிருப்பாங்க, அதாவது மே மாசம்னா 55. நம்பர் தெரிஞ்சா ஜாதகமே தெரிஞ்ச மாதிரி. நம்பர் இருக்கிற மூலையைக் கிழிச்சு, துண்டு துண்டாக்கித்தான் போட்டோம்.

அங்கிள் பைதான் கஷ்டம். கடைசி வருஷத்துத் தாள்கள்ல ஒரு அப்பாயின்ட்மென்ட் சீட்டு இருந்துச்சு. தேதி, அவர் போனதுக்கு எட்டு நாள் கழிச்சு. நான் வாயைத் திறக்கலை. என் கணக்குப்படி அது 'போகலாம்' பக்கம். அன்ரி அதை எடுத்து மடியில வச்சுக்கிட்டு அடுத்த தாளைக் கேட்டாங்க.

பதினோரு பையில மிஞ்சினது ஒரு ஃபைல். மேலே ஒரே பக்கத்துல சுருக்கம், பிரெஞ்சுல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு: வியாதி, ஆபரேஷன், மருந்து, மகள் போன் நம்பர். அதை ஃப்ரிட்ஜ்லயும் ஒண்ணு ஒட்டியாச்சு. மானிப்பாய்த் துண்டை ஸ்கேன் பண்ணி மகளுக்கும் அனுப்பினேன். அவங்க அதை அதுவரைக்கும் பார்த்ததே இல்லையாம். அன்னிக்கு அம்மாவும் மகளும் ரெண்டு மணி நேரம் போன்ல பேசினாங்க. அசல் டேனிஷ் பிஸ்கட் டின்ல இருக்கு, காகித உறையில. பக்கத்துல அந்த அப்பாயின்ட்மென்ட் சீட்டும்.

சுவீடன்ல இந்த மாதிரி வயசான காலத்துல வீட்டை ஒழிக்கிறதுக்குத் தனியா ஒரு வார்த்தையே இருக்கு. மார்கரெட்டா மாக்னுசன்னு ஒரு அம்மா எழுதின புத்தகத்தால 2017ல உலகம் பூரா பிரபலம் ஆச்சு. நமக்குப் பின்னாடி வர்றவங்க தலையில சுமையை வைக்காம நாமளே ஒழிச்சுட்டுப் போகணும்ங்கிறது அதோட சாரம். நல்ல யோசனைதான். ஆனா ஒரு காகிதம் இல்லாததால ஊர் எல்லையில நின்னு பார்த்தவங்ககிட்ட அதை அப்படியே சொல்ல முடியாது. பக்கத்துல உக்காந்து, ஒவ்வொண்ணா, அவங்க வேகத்துலதான் பண்ண முடியும்.

ஜூலை 1 சாயங்காலம் மூணரையில பால் காய்ச்சினோம். அன்ரி என் கையில ஒரு காலி ஃபைலைக் கொடுத்து, "கொம்மாவிட்டச் சொல்லி அப்பான்ர மற்றக் கடதாசியளையும் படம் எடுத்து வையும்" என்றார்கள்.

அம்மாவுக்கு போன் போட்டேன். பீரோ மேல இன்னும் ரெண்டு ஈசிஜி இருக்காம், அதுல கோடு லேசா தெரியுதாம். வாட்ஸ்அப்ல படம் வந்துச்சு, கொஞ்சம் ஆட்டம். பரவாயில்லை, தெரியுது.

உங்க வீட்டு பீரோ மேல என்ன இருக்குன்னு இந்த வாரம் ஒரு போன் போட்டுக் கேளுங்க மக்களே. அடுத்த மடல்ல மூட்டைப்பூச்சி.